நல்லூர்ப் பக்கத்துப் "பச்சை"க் கடை: நாலு மாசம் பாவிச்சுப் பாத்த பிறகு

முதலே சொல்லிடுறன், சுற்றாடலுக்குக் கெடுதியில்லாத சாமான் எண்டு சொல்லி விக்கிற இந்தக் கடையின்ர பேரைப் போடமாட்டன். யாழ்ப்பாணத்தில நல்லூர்ப் பக்கம், பெரிய றோட்டில இருந்து உள்ளுக்க போற ஒரு ஒழுங்கை, பழைய நாற்சார் வீடொண்டைத் திருத்தி வைச்சிருக்கினம், தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும். அங்க வேலை செய்யிறது நல்ல பிள்ளையள், அதுகளின்ர வயித்தில அடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனா காசு குடுத்து வாங்கினனான், நாலு மாசம் பாவிச்சுப் பாத்தனான், அதால எழுதுறன். அஞ்சுக்கு மூண்டு ஸ்ரார். அந்த மூண்டும் ஒரு எண்ணெய் ட்றம்முக்கும் அதுக்குப் பக்கத்தில நிக்கிற ஒரு பிள்ளைக்கும் தான், மிச்சக் கடைக்கு இல்லை.

போனது எப்பிடியெண்டா, நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு கனடாவில இருந்து மச்சாள் வந்து நிண்டவ, இவரின்ர தங்கச்சி. அவ ரொறன்ரோவில வெளிக்கிட முதலே இன்ஸ்ராவில இந்தக் கடையைப் பாத்து சேவ் பண்ணி வைச்சிட்டா, வந்து மூண்டாம் நாளே "வாங்கோ மச்சாள், ஒருக்காப் போட்டு வருவம்" எண்டு நிண்டா. அவ ரிக்கெற் புக் பண்ணேக்க ஒரு கட்டத்தில ரிக் போட்டு இருவது சொச்சம் டொலர் கூடக் கட்டினவவாம், அப்பிடிக் கட்டினா பிளேன் விட்ட புகைக்குப் பதிலா எங்கயோ ஒரு நாட்டில மரம் நடுவினமாம். இவர் ரீயைக் குடிச்சுக்கொண்டு இருந்து கேட்டிட்டு, "ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில முழுகினாக் கூட இவ்வளவு சுகமாப் பாவம் போகாது பிள்ளை" எண்டார். அவ கோவிச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைக்கேல்ல.

கடை வடிவு, அதில பிழை சொல்லேலாது. பழைய தூண், சிவப்புச் சீமெந்து நிலம், திண்ணையில பாய் விரிச்சு வைச்சிருக்கினம், படம் எடுக்க நல்ல இடம். ஆனா நடு முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடியிருக்கினம். நாற்சார் வீட்டில முற்றம் திறந்து கிடக்கிறதே காத்து வர, சூடு மேலால போக, மழைத்தண்ணி விழ எண்டு தானே, அதை மூடினா உள்ளுக்க அவியும், அவிஞ்சா ஏசி வேணும், அப்ப ரெண்டு ஏசி ஓடிக்கொண்டு கிடக்கு, அதுக்குக் கீழ சுவரில பச்சைப் பெயின்ற்றால பெரிசா "பிளாஸ்ரிக் ஃப்ரீ, கெமிக்கல் ஃப்ரீ, கில்ற் ஃப்ரீ". இவர் ஏ எல் பிள்ளையளுக்குக் கெமிஸ்ரி படிப்பிக்கிறவர், கெமிக்கல் ஃப்ரீ எண்டதைப் பாத்தாப் பிறகு உள்ளுக்க வரவே இல்லை, வெளியில மோட்டச்சைக்கிளுக்குப் பக்கத்தில நிண்டார்.

சரி, சாமானுக்கு வருவம். முதல் வாங்கினது பல்லுத் தீட்டுற மூங்கில் பிறஷ். ஒண்டு 490 ரூபா. பழுப்பு மட்டைப் பெட்டி, அதைச் சுத்திக் கயிறு, கயித்தில ஒரு காய்ஞ்ச பூ. வீட்டை கொண்டு வந்து திறந்தா உள்ளுக்க பிறஷ் மெல்லிய பொலித்தீன் உறைக்குள்ள கிடக்கு. பெட்டிக்குப் பின்னால அம்மாவின்ர கண்ணாடியையும் போட்டுப் பாத்தாத் தெரியிற எழுத்தில, தும்பு நைலோன், தயாரிப்பு சீனா. எறியிற நேரம் என்ன செய்ய வேணும் எண்டும் எழுதிக் கிடக்கு: குறட்டால தும்பைப் பிடுங்கிப் போட்டுக் கைப்பிடியை மட்டும் மண்ணுக்க தாழ்க்க வேணுமாம். ஆர் குறடு எடுத்துக்கொண்டு குந்தியிருந்து பிறஷ்சுக்கு மயிர் பிடுங்கப் போறது? சரி அதை விடுவம், எங்கட காலநிலைக்கு அது நிக்கேல்ல, பாத்றூம் கோப்பைக்குள்ள மூண்டாம் கிழமை அடிப்பக்கம் கறுத்து வழுவழுக்கத் தொடங்கீட்டுது, மச்சாள் தன்ரதைத் தினமும் துடைச்சு வெய்யிலில வைச்சவ, அதால அவவின்ரது அஞ்சு கிழமை இருந்தது. சந்தையில 150 ரூபாக்கு வாங்கிற பிறஷ் மூண்டு மாசம் போகும்.

பிறகு சோப். இதைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேண்டிக் கிடக்கு, ஏனெண்டா வீட்டில சண்டை வந்தது இதாலதான்.

பனம்பழச் சோப், கையால செய்தது, ஒரு கட்டி 850 ரூபா. அதோட ஒரு சின்ன மட்டை, எங்கட மூதாதையர் இயற்கையோட ஒன்றி வாழ்ந்து பனம்பழத்தால உடுப்புத் தோய்ச்சவை, அந்த மரபை மீட்டெடுக்கிறம் எண்டு. நான் அதை வாசிச்சுக் காட்ட அம்மா சோப்பை வாங்கி மணந்து பாத்தா. பாத்திட்டுச் சொன்னா, "நான் தோய்ச்சனான் தான். எனக்கு அப்ப முப்பது வயசும் இல்லை. என்னையோ மூதாதையர் எண்டு எழுதியிருக்கிறாங்கள்?"

1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு குடாநாட்டுக்குக் கறண்ட் இல்லை, பொருளாதாரத் தடை, பற்றறி, பெற்றோல், சீமெந்து, யூரியா எண்டு ஒரு பட்டியல் போட்டு உள்ளுக்க வர விடேல்ல, சவுக்காரம் வந்தாலும் தொட ஏலாத விலை. அப்பதான் வளவுக்க விழுந்த பனம்பழத்தை எடுத்து, தோலை உரிச்சு, களியை உடுப்பில தேய்ச்சுத் தோய்ச்சது. ஊத்தை போகும், ஆனா மஞ்சளா ஒரு சாயல் நிக்கும், வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பு வெள்ளையா இராது. அதைவிட அந்த மணம் போகாது, கொடியில காயப் போட்டா மாடு வந்து சப்பும். அம்மாவின்ர கலியாணத்துக்கு எடுத்த ரெண்டாம் சீலையின்ர முந்தானையைப் பக்கத்து வீட்டு மாடு சப்பிச் சப்பி ஓட்டையாக்கினது, அதை அவ இப்பவும் வைச்சிருக்கிறா, எடுத்துக்கொண்டு வந்து மச்சாளுக்குக் காட்டினா. மச்சாள் அந்த நேரம் கனடாவுக்குப் போட்டா, அவவுக்கு இது தெரியாது. அவ பாவம், "ஆனா மாமி, எவ்வளவு சஸ்ரெயினபிளா வாழ்ந்திருக்கிறியள்" எண்டிட்டா. அம்மா ஒண்டும் பேசேல்ல, எழும்பிக் குசினிக்குப் போனா. அண்டைக்கு இரவு இடியப்பம் புட்டாகிப் போச்சு, கோவத்தில அவிச்சா அப்பிடித்தான்.

அதே கடையில ஜாம் போத்தல் லாம்பும் இருக்கு. சின்னக் கண்ணாடிப் போத்தல், மூடியில சோலார் தகடு, உள்ளுக்க மஞ்சள் பொட்டு லைற் மாலை, 2,800 ரூபா. நான் ஓ எல் வரைக்கும் படிச்சது ஜாம் போத்தல் விளக்கில. போத்தலின்ர அடியில பஞ்சு, அதில எப்பன் மண்ணெண்ணெய், கம்பியில சுத்தின திரி, அவ்வளவுதான், ஒரு இரவுக்கு ஒரு மிடறு எண்ணெய்கூடப் போகாது, வெளிச்சமும் ஒரு கொப்பியின்ர அளவுக்குத்தான் விழும், காலமை எழும்பினா மூக்குக்குள்ள கரி. இந்தச் சோலார்ப் போத்தலை மேசையில கண்டோடன எனக்கு முதல் வந்தது அந்தக் கரி மணம்தான். கடைக்காரர் வேணுமெண்டு செய்யேல்ல, அவை எங்கயோ ஒரு கட்டலொக்கில பாத்து எடுத்திருப்பினம். ஆனா ஏலாக் கட்டத்துக்குச் சனம் செய்த வேலையை எல்லாம் இப்ப "சிம்பிள் லிவிங்" எண்டு பெட்டி கட்டி வைக்கேக்க, எங்களைப் போல ஆக்களுக்கு வாங்கக் கை வராது பாருங்கோ. 2002 சித்திரையில, எங்களைத் தெற்கோட இணைக்கிற ஏ9 பாதை திறந்த உடன எங்கட அம்மா செய்த முதல் வேலை என்ன தெரியுமோ, ஒரு பெட்டி சன்லைற் சவுக்காரமும் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரலும் வாங்கினது. அப்பா ரெண்டு தரமாச் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தவர்.

அந்தப் பரல் இப்பவும் கிணத்தடியில நிக்குது. 23 வருசம். வாயில ஒரு கீறல், அதுக்கு அப்பா தார் காய்ச்சி ஒட்டினவர். இதை ஏன் சொல்லுறன் எண்டா கடையில 5,000 ரூபாக்கு மேல பில் போட்டா ஒரு துணிப் பை சும்மா தருவினம், அதில உலகத்தைக் காப்பாத்துங்கோ எண்டு இங்கிலீஷில அடிச்சுக் கிடக்கு. எங்கட வீட்டில ஏற்கனவே உப்பிடி 11 பை கிடக்கு, எண்ணிப் பாத்திட்டுத்தான் எழுதுறன், வேலை செய்யிற இடத்துச் செயலமர்வில தந்தது, பாங்கில தந்தது, மூண்டு கலியாண வீட்டில தந்தது, ஒண்டு செத்தவீட்டு அந்தியேட்டியில தந்தது. டென்மார்க் அரசாங்கத்தின்ர சுற்றாடல் நிறுவனம் 2018 இல ஒரு கணக்குப் போட்டது, சாதாரண பருத்திப் பை ஒண்டு, காலநிலைக்குச் செய்யிற கெடுதியில ஒரு பொலித்தீன் பையோட சமமா வாறதுக்கு அதை 52 தரமாவது பாவிக்க வேணும், தண்ணி, ஓசோன் எண்டு மற்றக் கெடுதி எல்லாத்தையும் சேத்துப் பாத்தா 7,100 தரம். இயற்கைப் பருத்தி எண்டா இன்னும் மோசம், 20,000 தரம், ஏனெண்டா ஒரு ஏக்கரில விளைச்சல் குறைவு. பொலித்தீன் கடலுக்க போய் ஆமையின்ர வயித்துக்க கிடக்கிறது அந்தக் கணக்கில இல்லை, அதையும் சொல்ல வேணும், அதால பொலித்தீன் நல்லது எண்டு ஆரும் எடுத்துக்கொள்ளாதேங்கோ. ஆனா 11 பை வைச்சிருக்கிற வீட்டுக்குப் பன்னிரண்டாவது பையைத் தந்து அதுக்கு ஒரு படமும் எடுத்துப் போடச் சொல்லுறது என்ன கணக்கு? நான் வேண்டாம் எண்டன். கவுண்டரில நிண்ட பெடியனுக்கு விளங்கேல்ல, "சும்மா தான் அன்ரி" எண்டு திருப்பித் திருப்பித் தள்ளினான்.

மக்கும் பை எண்டும் ஒண்டு இருக்கு. சோளமாவால செய்தது, மண்ணுக்க போட்டா மண்ணாகிப் போகும் எண்டு பச்சை இலை ஒண்டு அடிச்சு வைச்சிருக்கினம், ஒரு பை 40 ரூபா. இதை நான் சும்மா விடேல்ல. ஆவணி முதல் கிழமை அப்பாவின்ர எருக்கிடங்குக்க, ஒரு முழ ஆழத்தில, பக்கத்தில ஒரு வாழை இலையையும் தாழ்த்து அடையாளத்துக்கு ஒரு கிளிசறியாத் தடி நட்டன். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை எல்லாம் வடிவாப் பெய்தது. மார்கழி தொடங்க அப்பா மண்வெட்டியோட வந்து வெட்டினார். வாழை இலை இருந்த இடம் தெரியேல்ல. பை கிடக்குது. கழுவினன், அந்தப் பச்சை இலையும் "நான் மண்ணாவேன்" எண்ட எழுத்தும் அழியாம வடிவாக் கிடக்கு, பிடிச்சு இழுத்துப் பாத்தா எப்பன் இளகியிருக்கு, அவ்வளவுதான்.

இவர் சொல்லுறார் அது பொய்யில்லையாம், அரைவாசி உண்மையாம். சோளமாவில இருந்து எடுக்கிற அந்த வகைப் பிளாஸ்ரிக் மக்கும், ஆனா அதுக்கு 60 பாகை கிட்டச் சூடு நாள்க்கணக்கா நிக்க வேணும், காத்து, ஈரம் எல்லாம் அளவா இருக்க வேணும், அதுக்கெண்டு கட்டின பெரிய கொம்போஸ்ற் ஆலையில தான் அப்பிடி வரும், வீட்டு எருக்கிடங்கில வராது. சரி அந்த ஆலை எங்க இருக்கு, பையை எங்க கொண்டு போய்க் குடுக்கிறது எண்டு கடையில கேட்டன். ஒருத்தரை ஒருத்தர் பாத்திச்சினம். மாநகரசபை ட்றக்ரர் தான் எடுத்துக்கொண்டு போறது எண்டு ஒரு பிள்ளை மெல்லமாச் சொன்னது. மாநகரசபை ட்றக்ரர் எங்க போகும் எண்டு எங்களுக்குத் தெரியும் தானே, கல்லுண்டாய்க் குப்பை மேட்டுக்கு. அந்தப் பக்கத்தால அராலிக்குப் போய் வாற ஆக்களிட்டக் கேளுங்கோ, நெருப்புப் பிடிச்ச நாளில எப்பிடி மணக்கும் எண்டு. அங்க போய் மக்கும் பையும் மக்காத பையும் ஒண்டாத்தான் கிடந்து புகையும்.

எங்கட பை ஆனாப் போகேல்ல. அம்மா எடுத்து மாதுளம்பழத்துக்குக் கட்டி விட்டிருக்கிறா, அணில் கொத்தாம. இந்த வரியை எழுதேக்கயும் யன்னலுக்கால தெரியுது.

மரக்கறித் தட்டைப் பற்றி நான் கதைக்கிறதிலும் அப்பா கதைச்சா நல்லம். அவர் கோண்டாவில் செம்மண்ணில ஆயுள் முழுக்க வெங்காயமும் கத்தரியும் செய்தவர், ஒருநாள் என்னோட எண்ணெய் எடுக்க வந்தவர், "ஓர்கானிக்" எண்டு பலகை தொங்கின கத்தரிக்காயைக் கையில எடுத்து உருட்டி உருட்டிப் பாத்தார். ஒரு குத்துமில்லை, ஒரு புள்ளியுமில்லை, மினுக்கின சப்பாத்து மாதிரி. "தம்பி, இது மருந்தே அடியாததோ?" "ஓம் ஐயா, முழுக்க இயற்கை." "ஆற்ற தோட்டம்?" பெடியனுக்குத் தெரியேல்ல. "ஏதும் சேட்டிபிக்கற்?" அதுவும் இல்லை. அப்பா திருப்பி வைச்சிட்டு, "அப்ப புழுவுக்கு இவையில மரியாதை போல" எண்டார். கிலோ விலை திருநெல்வேலிச் சந்தையிலும் பாக்க ரெண்டரை மடங்கு.

அவருக்கு இந்த ஓர்கானிக் எண்ட சொல்லில ஒரு கடுப்பு இருக்கு, நியாயமான கடுப்பு. 2021 வைகாசியில அப்ப சனாதிபதியா இருந்த கோத்தபாய ராஜபக்சவின்ர அரசாங்கம் நாடு முழுக்க இயற்கை விவசாயம் எண்டு சொல்லி ஒரே வர்த்தமானியில இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினது. ஒரு போகம் பரீட்சிச்சுப் பாப்பம், படிப்படியாக் குறைப்பம் எண்டு இல்லை, வெட்டொண்டு துண்டு ரெண்டு. நெல்லு விழுந்து, தேயிலை விழுந்து, கார்த்திகையில தாங்களே திருப்பி எடுத்தவை, அதுக்குப் பிறகு காசு இல்லாமப் போய் பசளை வரேல்ல எண்டது வேற கதை. அந்த முறை அப்பாவின்ர வெங்காயம் நெல்லிக்காய்ப் பருமனில வந்தது, கள்ளமா வாங்கின யூரியா என்ன விலை எண்டு அம்மாவுக்கு இப்பவும் சொல்லமாட்டார். அவர் அப்ப சொன்னது எனக்கு மறக்காது, "தொண்ணூறிலயும் யூரியா இல்லை, இப்பவும் யூரியா இல்லை, அப்ப புலி எடுக்கும் எண்டாங்கள், இப்ப பூமித்தாய்க்கு நோகும் எண்டுறாங்கள்."

ஆனா அவர் பக்கத்திலயும் ஒரு பிழை இருக்கு, அதை அவரே ஒத்துக்கொள்ளுவார், வேற ஆக்கள் சொன்னா மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். எங்கட ஊரில ஆறு இல்லை, வழுக்கியாறு எண்டு ஒண்டு இருக்கு, அதுகும் மாரிக்குத்தான். மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்கால இறங்கிக் கீழ கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதந்து நிக்குது, அதைத்தான் நாங்கள் கிணத்தால இறைக்கிறம். அந்தக் கல்லு வடி தட்டு மாதிரி, மேல போட்ட யூரியா எல்லாம் நேரா இறங்கும். வலிகாமத்துக் கிணறுகளில நைற்றேற்று கூட எண்டு எத்தினையோ வருசமாச் சோதிச்சுச் சொல்லுறாங்கள். குடிக்கிற தண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல கூடாது எண்டது உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை, அதைத் தாண்டினா கைக்குழந்தையளுக்குத்தான் முதல் ஆபத்து. சுன்னாகத்தில மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணத்துக்க கலந்து, 2019 இல உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னதும் இந்த மண்ணில தான். அப்ப பச்சை எண்டு கதைக்க எங்களுக்குச் சரியான காரணம் இருக்கு. நான் அந்தக் கடை முழுக்கத் தேடினன், தண்ணியைப் பற்றி ஒரு மட்டை, ஒரு துண்டு, ஒரு சொல்லு இல்லை. கண்ணாடிப் போத்தலில அடைச்ச தண்ணி இருந்தது, 350 ரூபா.

குடிக்கிற இடம் ஒண்டும் உள்ளுக்க இருக்கு, நன்னாரி சர்பத் நல்லா இருந்தது, கடதாசி ஸ்ரோ பாதிக் கிளாசில நனைஞ்சு சொதசொதத்து வாயோட ஒட்டினது, பிறகு உறிஞ்சுறதை விட்டிட்டுக் கிளாசைத் தூக்கிக் குடிச்சம். மேசையில ஒரு பலகை, "நாங்கள் பிளாஸ்ரிக் ஸ்ரோ தருவதில்லை, பூமிக்கு எங்கள் வாக்குறுதி". இதைப் பாக்கத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. பிளாஸ்ரிக் ஸ்ரோ, கரண்டி, கோப்பை, பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு எல்லாம் 2023 ஐப்பசி 1 இல இருந்து நாடு முழுக்கத் தடை. றிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி 2017 இல, அந்தச் சித்திரை வருசத்தண்டு கொழும்பு மீதொட்டமுல்லையில குப்பை மேடு சரிஞ்சு வீடுகளுக்கு மேல விழுந்து சனம் செத்தாப் பிறகு தடை செய்தது. சொப்பிங் பாக்குக்கு 2025 கார்த்திகை 1 இல இருந்து காசு எடுக்க வேணும், பில்லில காட்ட வேணும் எண்டதும் சட்டம், அதுக்கும் இவை "எங்கள் சிறு முயற்சி" எண்டு கவுண்டரில ஒட்டியிருக்கினம். சட்டம் விடாததைச் செய்யாமல் விட்டதுக்கு வாக்குறுதி எண்டு பேர் வைச்சா, நானும் இண்டைக்குக் களவெடுக்கேல்ல எண்டு வாசலில பலகை போடலாம். சந்தையில இடியப்பத் தட்டு பிளாஸ்ரிக்கில இப்பவும் தொங்குது, அது வேற விசயம்.

உந்த விளையாட்டுப் புதுசில்லை எண்டு இவர் சொன்னார். கிறீன்வோஷிங், அதாவது சும்மா பச்சைப் பூச்சுப் பூசிக் காட்டுறது, எண்ட சொல்லே 1986 இல ஜே வெஸ்ரர்வெல்ட் எண்ட அமெரிக்கர் ஒருத்தர் எழுதினதாம், ஹோட்டல் பாத்றூமில "சுற்றாடலுக்காக உங்கட துவாயைத் திருப்பிப் பாவியுங்கோ" எண்டு வைச்சிருக்கிற மட்டையைப் பாத்திட்டு, இவைக்குத் தோய்க்கிற காசு மிச்சம் எண்டு விளங்கி. அந்த மட்டை இப்ப யாழ்ப்பாணத்து ஹோட்டல்களிலயும் வந்திட்டுது.

பனையோலைச் சாமான் பக்கம் வந்தா எனக்கு ரெண்டு மனம். சாமான் அருமையான சாமான். நீத்துப்பெட்டி ஒண்டு எடுத்தன், சார்வோலையை ஒரே அகலத்துக்கு வார்ந்து, விளிம்பு மடிச்ச இடத்தில ஒரு ஓலை நுனி கூட வெளியில நீட்டிக்கொண்டு நிக்கேல்ல, அடியில கண் கண்ணா விட்டு ஆவி வரப் பின்னின விதம், கைப்பழக்கம் உள்ள பழைய ஆள் எண்டு பாத்தோடன விளங்கும். நாலு மாசமாப் புட்டு அவிக்கிறம், இன்னும் பிரியேல்ல. ஆனா விலை 1,100 ரூபா. நெல்லியடிச் சந்தையிலயோ கொடிகாமத்திலயோ இதை 300, 350 க்கு எடுக்கலாம், அதுவும் கூடச் சொல்லுதெண்டு பேரம் பேசுவம், எங்கட ஆக்கள் பற்றி எனக்குத் தெரியாதே. நீத்துப்பெட்டியில ஒரு மட்டை தொங்குது, அதில வயசான ஒரு பொம்பிளையின்ர ரெண்டு கை, முகம் இல்லை, பேர் இல்லை. இந்த 1,100 இல அந்தக் கைக்கு எவ்வளவு போகுது எண்டு கேட்டன். மனேச்சர் வந்து எம்பவர்மென்ற், கொம்யூனிற்றி எண்டு கனக்கச் சொன்னார், தொகை மட்டும் வாயில வரேல்ல. 700 போகுது எண்டு சொல்லியிருந்தா நான் ரெண்டாவதும் வாங்கியிருப்பன், மெய்யா.

அதே றாக்கையில கமுகம் பாளைத் தட்டு, கொண்டாட்டத்துக்குச் சாப்பிட்டிட்டு எறியிறது, 10 தட்டு 600 ரூபா, தயாரிப்பு இந்தியா. வெளியில, கடையின்ர மதிலோட, மூண்டு வாழை குலை தள்ளி நிக்குது. நான் ஒண்டும் சொல்லேல்ல.

இப்ப எண்ணெய்க்கு வருவம், ஸ்ரார் போட்டது இதுக்குத்தானே. கடையின்ர பின் விறாந்தையில, ஏசி இல்லாத இடத்தில, ரெண்டு எவர்சில்வர் ட்றம், ஒண்டு தேங்காய் எண்ணெய், ஒண்டு நல்லெண்ணெய், ரெண்டும் இங்க செக்கில ஆட்டினது. பக்கத்தில மிளகாய்த்தூள், மல்லி, உழுந்து, பயறு எல்லாம் தகர வாளிகளில. ஒரு பச்சைப் பலகையும் இல்லை, ஒரு வசனமும் இல்லை. நீங்கள் போத்தலைக் கொண்டு போகவேணும். அதில நிக்கிற பிள்ளை வெறும் போத்தலை முதல் தராசில வைச்சு நிறுத்து, மூடியில மார்க்கரால நிறையை எழுதும், பிறகுதான் எண்ணெய் விடும், கழிச்சுக் காசு. அடுத்த முறை போனா மூடியைப் பாத்து அதே இலக்கம் எண்டு திருப்பி நிறுக்காமலே விடும். என்ர போத்தல் 412. கடைசித் துளி விழும் வரைக்கும் புனலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், அவசரப்படாது. விலையும் சந்தையோட பாக்க லீற்றருக்கு 60, 70 ரூபா தான் கூட, எண்ணெய் சுத்தம், நல்லெண்ணெய் அடியில மண்டி இல்லை, தோசைக்கு விட்டா மணம் அடுத்த வீட்டுக்குப் போகும். நாலு மாசத்தில நான் எண்ணெய்ப் போத்தல் புதுசா வாங்கேல்ல.

இதைக் கடைக்காரர் இன்ஸ்ராவில ஒருநாளும் போட்டதில்லை. கேட்டன், ஏன் தம்பி உதை ஒருத்தருக்கும் தெரியாம வைச்சிருக்கிறியள் எண்டு. "அது அன்ரி, படத்துக்கு வடிவில்லை" எண்டான்.

மச்சாள் போகேக்க மூண்டு மூங்கில் பிறஷ், சோலார்ப் போத்தல், ஓலைப் பெட்டி எல்லாம் கட்டிக்கொண்டு போனவ, சூட்கேஸ் ரெண்டு கிலோ கூடி கட்டுநாயக்காவில காசு கட்டினவ. சோப்பை மட்டும் அம்மா குடுக்கேல்ல. அது குசினி யன்னல் கட்டில உறையோட கிடக்கு, தோய்க்கவும் இல்லை எறியவும் இல்லை, யன்னலைத் திறந்து வைச்சா மத்தியானத்தில பனம்பழ மணம் வரும். பக்கத்து வீட்டில இப்ப மாடு இல்லை.

போற ஆக்களுக்கு: திங்கள் பூட்டு. ஒழுங்கைக்க கார் திருப்பேலாது, மோட்டச்சைக்கிளிலயோ சைக்கிளிலயோ போங்கோ. முன் பக்கத்தால போனா சாமான் பாத்துப் பாத்துக் காசு கரையும், மதிலோட வாழைக்குப் பக்கத்தில ஒரு சின்னப் படலை இருக்கு, அதுக்கால போனா நேரா எண்ணெயடிக்குப் போகலாம். கார்ட் எடுக்கமாட்டினம், மாத்தின காசு கொண்டு போங்கோ. போத்தலை முதல் நாளே கழுவிக் கவுத்து வடிவாக் காய விடுங்கோ, ஒரு சொட்டு ஈரம் நிண்டாலும் அந்தப் பிள்ளை எண்ணெய் விடாது, திருப்பி அனுப்பும், என்னை ரெண்டு தரம் அனுப்பினது.